பியசேன முதலாளியின் போடிங்

சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு வரும் அந்தச் சிங்களச் சிரிப்பு நாடகம் ஒன்பது வருஷம் ஓடியது. கொழும்பில் காசுக்கு அறை விடும் போடிங் வீடு நடத்தும் பியசேன முதலாளியும், அங்கே தங்கி அவர் கண்ணில் மண்ணைத் தூவும் நான்கு பையன்களும்தான் கதை. ருவான்வெல்லைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் அழகமுத்து அண்ணன் வீட்டில் மட்டும்தான் அப்போது டிவி இருந்தது. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கே கூடுவோம். சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் அவர்களுக்குச் சிங்களம். அதனால் நாடகத்தைத் தமிழில் சொல்கிற வேலை என்னுடையது.

சின்ன வயதில் இரண்டு வருஷம் கொழும்பில் ஒரு பங்களாவில் வேலைக்கு நின்றவள் நான். "மூக்காயிக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு" என்று லயம் முழுக்கப் பேச்சு. நானும் மறுக்கவில்லை. முதல் நாள் பியசேன வாயைத் திறந்து பொரிந்து தள்ளினார். சட்டி கழுவு, வீடு கூட்டு, தேங்காய் துருவு என்கிற சிங்களம் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளங்கவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

பியசேனவுக்கு எங்கள் கணக்கப்பிள்ளையின் பேச்சைக் கொடுத்தேன். ரப்பர் பால் நிறுக்கும்போது தண்ணீர் கலந்திருக்கிறது என்று எடையைக் குறைக்கிற அதே மனுஷர். பியசேன அங்கே கத்தினால் நான் இங்கே, "ஒன் வாளியில பால விட தண்ணிதான் கூட" என்பேன். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போகப் போக எனக்கும் சிங்களம் நன்றாகவே விளங்கத் தொடங்கியது. ஆனாலும் என் கதையை நான் விடவில்லை. அவர்களுடையதை விட என்னுடையது நல்ல கதை, அதுதான் உண்மை.

இரண்டாயிரத்து ஐந்தில், அடுத்த வாரத்தோடு நாடகம் முடிகிறது என்று அறிவித்தார்கள். அந்த வாரம்தான் அழகமுத்து அண்ணனின் மகன் கஹவத்தையில் பெண் எடுத்திருந்தான். நிரோஷா என்று பெயர், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. அவள் முன்னால் வாயைத் திறந்தால் ஒன்பது வருஷப் புளுகும் வெளியே வந்துவிடும். ஏமாற்றுக்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டு அந்த லயத்தில் எப்படி நடமாடுவது?

அதனால் கடைசி நாள், உள்ளதை உள்ளபடி சொன்னேன். பியசேன வீட்டை விற்றுவிட்டார். பையன்கள் அழுகிறார்கள். அவரும் அழுகிறார். கேட்டிருந்தவர்களில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

"என்னா மூக்காயி, ஒடம்பு சரியில்லையா?" என்றார் அழகமுத்து அண்ணன்.

"அவங்க சொல்றதத்தாண்ணே சொல்றேன்."

"அதுதான் எங்களுக்கே வெளங்குதே! பசாருக்குப் போய் வந்து நாங்களும் எப்பவோ படிச்சிக்கிட்டோம்."

"அப்ப, நான் இவ்வளவு நாளா சொன்னது..."

"தெரியும். நாங்க ஒன்னையக் கேக்கத்தானே வாறோம்."

நிரோஷா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். "அத்த, ஒங்க போடிங் கதைய இவரு சொல்லிச் சொல்லி எனக்கு ஆசையாப் போச்சு. கடைசி நாளாவது கேக்குறேனே" என்று சொல்லி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள்.

திரையில் நான்கு பையன்களும் பையோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். பியசேன வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நம்ம கோயில் திருவிழாவுக்குப் போறானுங்க. திங்கக்கெழம வந்துருவானுங்க. மொதலாளி ஏன் அழுவுறாரு தெரியுமா? அவர மட்டும் கூப்புடாமப் போறானுங்களாம்!"

சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. நிரோஷா சிரித்துச் சிரித்துப் புருஷன் தோளில் சாய்ந்துவிட்டாள். கொழும்பில் அந்த நாடகத்தை எழுதிய மகராசன் யாரோ, எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் ஒன்பது வருஷம் ஓடியதை எழுதியவள் நான்.