கூச்சல் என்று எழுதிய இடம்

"காட்டுவாசிகள் கூச்சலிடுகிறார்கள்" என்று தட்டிவிட்டு அவள் அடுத்த காட்சிக்குப் போனாள்.

பழைய படங்களின் கீறலையும் இரைச்சலையும் நீக்கிப் புதுசாக்கித் தரும் நிறுவனம் அது. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது பதினோரு வருடமாக அவள் வேலை. இப்போது கைக்கு வந்திருந்தது ஒரு காட்டு சாகசப் படம். தொப்பி போட்ட கதாநாயகன், கிளி வளர்க்கும் கதாநாயகி, முகத்தில் சாயம் பூசி ஈட்டியோடு ஓடிவரும் ஒரு கூட்டம். படத் தொடக்கத்தில் ஓடும் நடிகர் பட்டியலில் கிளிக்குக்கூடப் பெயர் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தது பக்கத்து அறையில் படங்களின் ஒலியைச் சுத்தம் செய்யும் ஒலிக்காரரைத்தான்.

ஆள் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மலைப்பக்கத்துக் காட்டிலிருந்து வந்தவர் என்று யாரோ சொன்னார்கள். அதிகம் பேசமாட்டார். மூன்று நாளாக மதிய இடைவேளையில் சாப்பிடப் போகாமல், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கதவு திறந்தால் சட்டென்று நிறுத்தினார். கண்ணாடி வழியே பார்த்தபோது ஒலிபெருக்கியின் பக்கத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அவள் தங்கையிடம் போனில் சொன்னாள்.

"படத்தைத் திருடி வெளியில விக்கிறான்னு நினைக்கிறேன்டி. முழியே சரியில்ல."

"எதுக்கும் உன் பையைப் பூட்டி வை, அக்கா. அவங்களை எல்லாம் நம்ப முடியாது."

"அவங்க" என்றால் யார் என்று அக்காவும் கேட்கவில்லை, தங்கையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பை பூட்டிய இழுப்பறைக்குள் போனது. அவர் நின்றாலும் நடந்தாலும் அவளுக்குத் தப்பாகவே பட்டது. ஒருநாள் அவர் சிரித்து வணக்கம் சொன்னபோது, 'வேவு பார்க்கத்தான் இந்தச் சிரிப்பு' என்று நினைத்தாள்.

நான்காம் நாள் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். படம் வெளியே கசிந்தால் ஒப்பந்தமே போய்விடும். மேலாளர் பதறிக்கொண்டு ஒலிக்காரரின் அறைக்கு வந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

"போனைக் குடுங்க. என்ன பதிவு பண்றீங்க?"

ஒலிக்காரர் முகம் வெளிறியது. "சார், பதினஞ்சு செகண்டுதான். தப்புதான், கேட்டுட்டுப் பண்ணியிருக்கணும்."

"அப்போ திருடுனது உண்மை!" என்றாள் அவள்.

அவர் அந்தக் காட்சியை ஓடவிட்டார். ஈட்டிக்காரக் கூட்டத்துக்கு நடுவே குழந்தையோடு ஒரு பெண் கையை நீட்டிக் கத்துகிறாள். கதாநாயகன் திரும்பி, "நம்மைக் கொன்று தின்னப்போவதாகச் சொல்கிறாள்!" என்கிறான்.

"அந்தம்மா அப்படிச் சொல்லலை சார். அது எங்க பாஷை. 'பிள்ளைக்கு வெயில் தாங்கலை, இன்னும் எத்தனை தடவை ஓடணும், தண்ணி குடுங்க'ன்னு கேக்குறாங்க."

மேலாளர் திரையருகே குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அது எங்கம்மா. கையில இருக்கறது எங்கக்கா. படம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க, எந்தப் படம்னு தெரியாது. அம்மா செத்துப்போய் ஒம்பது வருஷமாச்சு. ஒரு போட்டோகூட இல்ல. குரலையாவது அக்காவுக்கு அனுப்பலாம்னுதான்..."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"நீங்க என்கிட்டயே கேட்டிருக்கலாமே மேடம்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது.

அவள் தன் மேசைக்குப் போய், அந்த இடத்துக்குக் 'கூச்சலிடுகிறார்கள்' என்று தான் எழுதிய வரியை அழித்தாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தத் தாய் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். படத்தின் உரிமைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மேலாளர் தயங்கினார்.

"கதாநாயகன் சொல்றதுதானே கதை? இது கதையையே மாத்திடுமேம்மா."

"வசனத்துல நான் கை வைக்கலை சார். அவர் சொன்னதும் இருக்கட்டும், அவங்க சொன்னதும் இருக்கட்டும். சின்ன வயசுலேர்ந்து இந்த மாதிரிப் படங்களைக் கைதட்டிப் பார்த்தவ நான். அந்த ஜனங்க வாயைத் திறந்தா அது கூச்சல், பக்கத்துல வந்தா அது ஆபத்துன்னு படம் சொல்லிக் குடுத்துச்சு. நானும் நம்பிட்டேன். அதான், நல்ல மனுஷன் ஒருத்தர் பக்கத்து ரூம்ல அம்மா குரலைக் கேட்டு உக்காந்திருந்தா, என் கண்ணுக்குத் திருடனாத் தெரிஞ்சுது. ஒருத்தர் பேசறது நமக்குப் புரியலைன்னா, என்னன்னு அவங்களைத்தான் கேக்கணும். நாமளே ஒரு அர்த்தத்தைக் கட்டிவிடக் கூடாது சார்."