காவேரியின் தூண்

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் திக்லிபூர் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது: அங்கே கட்டும் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தில் மூலைத் தூணே இல்லை.

இருபது வருடமாக நான் மூலையைக் காலியாக விட்டுத்தான் வரைவேன். என் பார்ட்னர், இன்ஜினியர் காவேரி, தூணை உள்ளே தள்ளிப் பென்சிலால் போடுவாள். கட்டி முடித்தால் மூலை காற்றுக்குத் திறந்து நிற்கும். பத்திரிகைகள் அதை என் பாணி என்று எழுதின. மானங்கெட்டவன், நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் முன்பு காவேரி செத்துப்போனாள். பழக்கத்தில் மூலையைக் காலியாகவே விட்டு அனுப்பிவிட்டேன்.

நாலாவது தடவைதான் மேஸ்திரி நாகராஜ் போனை எடுத்தான்.

“மூலைத் தூண் போட்டியா?”

“பிளான்ல இல்லையே ஸார். கோனா காலியா விடறதுதானே உங்க ஸ்டைல்? ஸ்லாபைத் தாங்கற முட்டெல்லாம் பிரிச்சிட்டு இருக்கோம், அஞ்சு பேர் உள்ள நிக்கிறாங்க. டென்ஷன் மத் லோ ஸார், கவலையே வேணாம்.”

“பிரிக்காதே! அது என் ஸ்டைல் இல்லடா, காவேரியோடது!”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் கத்துவதற்கு முன்பே போனில் சிக்னல் போயிருந்தது.