கிடாரமா, வாழைப்பழத்து நூலா

பள்ளிவாசல் கந்தூரிச் சோறு ஆக்கும் கிடாரங்கள் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தன. கிடாரம் என்றால் லேசுப்பட்டதல்ல. போன வருடம் உள்ளே இறங்கிக் கழுவிய சமையற்காரர் பின்னேரம் அசர் தொழுகைக்குத்தான் கரையேறினார். நடுவில் வழி தவறிவிட்டதாம்.

"இண்டைக்கும் ஒண்டும் வரல்லெண்டா விஞ்ஞான அறையைக் கிடாரத்துக்கு எடுக்கன், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அதிபர் ஜவுபர் முன் வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

முஸ்பிறா டீச்சர் வாழைப்பழத்திலிருந்து டீ.என்.ஏ. நூல் எடுத்துக் காட்ட ஆயத்தமானாள். போன தவணை ஸ்பிரிட் சூடாக இருந்ததால் டீ.என்.ஏ. வரவில்லை. இம்முறை போத்தலை இரவே வீட்டுப் பிரிஜ்ஜில் வைத்திருந்தாள். கோழிக்கூட்டு வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் கோப்பை கழுவும் திரவமும் கலந்து, துணியால் கண்ணாடிக் குழாயில் வடித்து, குளிர்ந்த போத்தலை மெதுவாகச் சரித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

"டீச்சர், கலியாண வீட்டு வாசம் வருது" என்றாள் பின் வாங்கில் இருந்த நப்லா.

முஸ்பிறா வீட்டுக்குப் போன் எடுத்தாள். உம்மா நிதானமாகச் சொன்னார்: "அல்கஹோல் எண்டு எழுதிக் கிடந்திச்சி மகள். குடிக்கிற சாமானாக்கும் எண்டு வெளியில ஊத்திட்டன். போத்தலை மூணுதரம் கழுவி பன்னீர் நிரப்பி வெச்சன். பரக்கத்தாக இருக்கட்டும்."

அதிபர் எழும்பினார். "அப்ப கிடாரத்தை உருட்டச் சொல்லட்டா?"

"முதலுதவி அலுமாரியில ஸ்பிரிட் இருக்கு சேர். சாவி உங்கட இடுப்பில."

"வாழைப்பழத்துக்குள்ள நூல் இருக்காம்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கழற்றினார் அதிபர். "பிறகு சூடெண்டு சாட்டுச் சொல்லப்படாது" என்று, மோட்டார் சைக்கிளில் தொங்கிய சூரைமீன் பையையும் ஐஸோடு அவரே கொண்டுவந்து வைத்தார்.

ஐஸுக்குள் குளிர்ந்த ஸ்பிரிட், புதிதாய்ச் சாறு வடித்த குழாயின் ஓரத்தால் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வாழைப்பழச் சாற்றின் மேல் வெள்ளையாய் ஏதோ திரண்டது. நூல் நூலாய் மேலே எழும்பியது.

முஸ்பிறா ஈர்க்கை நீட்ட, நப்லா கையை நீட்டினாள். அதிபர் இரண்டு பேருக்கும் முந்தினார். ஈர்க்கில் சுற்றினார், சுற்றினார். மணி அடித்தும் சுற்றினார். அன்று அவர் சுற்றியதில் ஒரு சாரன் நெய்யலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. துவாய் நெய்யலாம், அவ்வளவுதான்.

"பப்பாசியிலயும் வருமா டீச்சர்?"

"ஓம் சேர். அறைதான்..."

"அறைக்கென்ன?" என்றார் அதிபர், ஈர்க்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிடாரம் மழை காணாததா. வெளியில கிடக்கட்டும்."