அதிகாரி பார்க்க வந்த சுவர்கள்

எங்கள் நகருக்குப் பின்னால் கல் குவாரி வந்து இரண்டு வருடமாகிறது. தினமும் பதினோரு மணிக்கு வெடி. வெடித்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பென்சிலோடு சுவரிடம் போவேன். விரிசல் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. மற்ற வீட்டுக்காரர்களையும் அப்படியே செய்ய வைத்தேன். எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

விரிசல்களைப் போட்டோ எடுத்துக் கனிமவளத் துறையில் புகார் கொடுத்தேன். போட்டோக்களை அங்கிருந்த அதிகாரி ஏற்கவில்லை. "இது எந்த வீட்டுச் சுவருன்னு எப்படிம்மா நம்புறது? நேர்ல பாத்தாதான் கணக்கு" என்றார். எட்டு மாதம் நடையாய் நடந்து நாள் வாங்கினேன். ஐந்து வீடுகளைப் பார்ப்பார். விரிசல் இருந்தால் குவாரி உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். மனிதர் டிமிக்கி கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, அன்று விடிந்ததுமே அவர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அவருடைய ஜீப்பிலேயே திரும்பினேன்.

வாசலில் இறங்கியதும் பெயிண்ட் வாசனை. அதிகாரிக்கு முன்னால் உள்ளே ஓடினேன்.

கூடத்துச் சுவர் பளிச்சென்று இருந்தது. விரிசலும் இல்லை, கோடும் இல்லை, தேதியும் இல்லை. எதிர்வீட்டில் இருக்கும் என் அண்ணன், பெயிண்டர், கையில் பிரஷ்ஷோடு பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"பெரிய ஆபீசர் வர்றாருன்னு சொன்னியேம்மா. வீடு இப்படிக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? ஆளுங்கள வச்சு அஞ்சு வீட்டையும் முடிச்சிட்டேன்."

ஒருவரும் தடுக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளி வரும்போது வீட்டை அலங்கோலமாகக் காட்ட எங்களில் யாருக்கும் மனசு வராது. பாழாய்ப்போன மனசு!

"தொடாதீங்க சார், ஈரம்" என்றான் அண்ணன்.

நான் கத்தரிக்கோலை எடுத்துச் சுவரைக் கீறினேன். "உள்ள இருக்கு சார், பாருங்க!"

"நீங்க கீறுனதையாம்மா நான் எழுதறது?" அதிகாரி கோபப்படக்கூட இல்லை. ஐந்து வீட்டுக்கும் ஒரே வரி எழுதினார்: விரிசல் எதுவும் காணப்படவில்லை.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. குவாரிக்கு இன்னும் பத்து வருட உரிமம்; இந்தப் புகாரில் இனி ஆய்வு கிடையாது. அதை அண்ணனிடம் நான் படித்துக் காட்டவில்லை. குவாரிக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை அவன் ஏணியும் தகடுமாக வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைச் சுரண்டத் தொடங்கினான். விரிசலைப் பட்டி பூசி அடைத்த கைக்கு எங்கே சுரண்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. மதியத்துக்குள் விரிசல் முழுசாக வெளியே வந்துவிட்டது. முன்பு பார்த்ததைவிட ஒரு சாண் நீளம்.

"இப்ப நல்லா தெரியுதுல்ல? அவரு மறுபடி வருவாருல்லம்மா?"

அவனை நாலு அறை விடவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"வருவாருண்ணே" என்றேன்.

அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.