செம்பியனை நேரில் கண்டோர் சங்கம்

ஆம்பூரில் செம்பியனுக்கு ரசிகர்கள் என்று எண்ணப்போனால் ஆயிரம் பேர் தேறுவார்கள். தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரைத் தட்டிக்கொண்டு பாடுகிறவன். காலை ஏழு மணிக்கு எந்த ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் நாலு சீட்டுக்கு ஒரு போனில் அவன் குரல்தான். ஆனால் சங்கத்தில் இருப்பது பன்னிரண்டே பேர். ஏனென்றால் அது வெறும் ரசிகர் சங்கம் இல்லை, நேரில் கண்டோர் சங்கம். போனில் கேட்டேன், டிவியில் பார்த்தேன் என்று வருகிறவர்களை மாடிப்படியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே உள்ள அறையில் கூட்டம். சேர வேண்டுமானால் எழுந்து நின்று, எங்கே பார்த்தாய், என்ன பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். அதற்கு ரிப்போர்ட் என்று பெயர். எல்லோரும் தோலிலும் ஷூவிலும் பிழைக்கிறவர்கள், கை சும்மா இருக்குமா? ரிப்போர்ட்டையும் தோலைத் தடவுகிற மாதிரி தடவி, தரம் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் வக்கார் அகமது முப்பது வருஷமாகத் தோல் தரம் பிரிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் "ஃபர்ஸ்ட்டு" என்பார், அல்லது "செகண்டு" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வக்கார் பாய் வாயைத் திறப்பதற்கு முன்னால் குற்றம் குறை பார்ப்பது பிரிசில்லாவின் வேலை. கம்பெனியிலும் அவளுக்கு அதே வேலைதான். பெட்டிக்குள் போகிற ஷூவைக் கடைசியாகத் தொடுவது அவள் கை. ஒரு தையல் விட்டிருந்தாலும் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டிவிடுவாள், அப்புறம் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் பிரிக்க மாட்டாள். சங்கத்தின் ரிப்போர்ட் நோட்டிலும் அதே அம்புக்குறிதான். அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து வந்த ஒருவர் செம்பியனைக் காட்பாடி ஸ்டேஷனில் இட்லி சாப்பிடும்போது பார்த்ததாகவும், அப்போது அவன் மெல்ல முணுமுணுத்ததாகவும் சொன்னார். முணுமுணுப்பு கச்சேரியில் சேருமா சேராதா என்று மூன்று ஞாயிறு விவாதம் நடந்தது. "வாயில இட்லி இருந்துச்சா இல்லியா?" என்று பிரிசில்லா ஒரே கேள்விதான் கேட்டாள். இருந்தது என்றார். ஒட்டிவிட்டாள் அம்புக்குறியை.

இன்னொரு விதியும் உண்டு. செம்பியனை ஒருவர் ஒரு தடவைதான் பார்க்கலாம். இது வக்கார் பாய் போட்டது. தரம் போட்டு முத்திரை குத்தின தோலை மறுபடி மேஜைக்குக் கொண்டுவரக் கூடாதாம். ரெண்டாவது தடவை பார்த்தால் முதல் ரிப்போர்ட்டோடு முட்டிக்கொள்ளும், வீண் பேஜார் என்றார். ரசிகர்கள் தங்கள் பாடகனைப் பார்க்கக் கூடாது என்று தங்களுக்கே தடை போட்டுக்கொண்ட சங்கம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு சங்கடம். பிரிசில்லா செம்பியனைப் பார்த்ததே இல்லை.

அவள் பொய் சொல்கிற ஜாதி இல்லை, பாவம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சங்கம் ஆரம்பிக்கிற பேச்சு வந்தபோது, கம்பெனி சாப்பாட்டு ரூமில் யாரோ "நீ நேர்ல பாத்திருக்கியா?" என்று கேட்டார்கள். அவள் வாய் நிறைய சாம்பார் சாதம். "ம்" என்றாள். 'ம், என்ன கேட்டே' என்கிற 'ம்' அது. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அவளைச் செக்கராகப் போட்டுவிட்டார்கள். விழுங்கி முடித்துச் சொல்லலாம் என்று பார்த்தாள். விழுங்குவதற்குள் கை தட்டிவிட்டார்கள். செக்கரை யார் செக் பண்ணுவது? அவள் ரிப்போர்ட்டை யாரும் கேட்கவே இல்லை.

பார்க்க முயலாமல் இல்லை. மூன்று தடவை திருட்டுத்தனமாகக் கிளம்பினாள். ஒருமுறை ஷிப்மென்ட் என்று லீவை ரத்து செய்தார்கள். ஒருமுறை மழையில் கச்சேரியே ரத்து. மூன்றாம் முறை சென்னை வரைக்கும் போய், பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டே எட்டுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திரும்பினாள். சங்கத்து விதிப்படி கேட்டது கணக்கில் வராது. அந்த விதியை எழுதினவளும் அவள்தான். ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது அவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன.

இப்படி இருக்கையில் போன மாதம் ஒரு கவர் வந்தது. காட்பாடி பக்கம் ஒரு மைதானத்தில் செம்பியன் கச்சேரி. டிக்கெட் எல்லாம் ஆப்பில் பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோயிருந்தது. சங்கத்துக்கு மட்டும் முதல் வரிசைப் பாஸ் ஒன்று அனுப்பியிருந்தார்கள். கூடவே செம்பியன் கைப்பட ஒரு வரி: 'உங்களில் என்னை இதுவரை பார்க்காத ஒருவருக்குக் கொடுங்கள்.'

"நம்மள்ல அப்படி யாரு இருக்காங்க?" என்று வக்கார் பாய் சிரித்தார். "திருப்பி அனுப்பிட வேண்டியதுதான்."

பிரிசில்லா அந்தப் பாஸைப் பார்த்தாள். கவருக்குள் மறுபடி போகப்போகிறது. ஒன்பது வருஷத்துச் சோற்றுக் கவளம் இன்னும் தொண்டையிலேயே இருக்கிற மாதிரி இருந்தது.

"நா பாத்ததில்ல பாய்" என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவள் சாம்பார் சாதத்திலிருந்து கழிப்பறை வரிசை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார்கள், வெளியே போ என்பார்கள் என்று காத்திருந்தாள். அதுவாவது தேவலை. வக்கார் பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"ரீகால்."

தோல் ஊரில் இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. செக்கருக்குத் தகுதி இல்லையென்றால், அவள் கை பட்டு வெளியே போன சரக்கு மொத்தமும் திரும்பி வர வேண்டும். பிரிசில்லா பாஸ் பண்ணின பதினோரு ரிப்போர்ட்டும் இனி செல்லாது.

"அப்போ நா பாக்கவே இல்லியா?" என்று தையல் லைன் சௌந்தர்யா குபுக்கென்று அழுதுவிட்டாள். "மழைப் பாட்டுல அவரு லெஃப்டு கண்ணுல மட்டும் தண்ணி வருமே, அத நா பாக்கவே இல்லியா?"

"அதெப்படி ஒத்துக்க முடியும்?" கட்டிங் செக்‌ஷன் முஜாஹித் எகிறினான். "செருப்பக் கழட்டிட்டு, வெறுங்காலோட மேடைய தொட்டுக் கும்புட்டாரு. எங்கண்ணு பாத்துதுக்கா!"

"உன் கண்ணு பாத்துது. பேப்பர்ல பாக்கல" என்றார் வக்கார் பாய். "என்னுதும்தான் போச்சு. எனக்கு மட்டும் நல்லா இருக்குதா?" அவருடைய ரிப்போர்ட் சங்கத்திலேயே பெரிய ஃபர்ஸ்ட்டு. செம்பியன் பாட்டுக்கு நடுவில் கமலாப்பழம் உரித்து முன்வரிசைக்குக் கொடுத்தானாம், வக்கார் பாய்க்கு ரெண்டு சுளை.

அடுத்த நிமிஷமே இன்னொரு வில்லங்கம் கிளம்பியது. கம்பெனி பஸ் ஓட்டுகிற சுப்பராயன் மெதுவாகக் கையைத் தூக்கினார். "இப்ப நாங்கள்லாம் பாக்காதவங்கதானே? அப்போ அந்தப் பாஸு எங்களுக்கும் சேரும்."

அப்புறம் அங்கே நடந்த கூச்சலில் கீழே செல்போன் கடைக்காரன் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனான். ஒன்பது வருஷமாகப் பார்த்தேன் பார்த்தேன் என்று மார்தட்டியவர்கள், நான்தான் பார்க்கவே இல்லை, நான்தான் துளிகூடப் பார்க்கவில்லை என்று சண்டை போட்டார்கள். கடைசியில் வக்கார் பாய் மேஜையைத் தட்டினார்.

"ரீகால் ஆன சரக்க இன்னா பண்ணுவோம்? ரீ-செக்கிங். ரீ-செக்கிங் யாரு பண்ணுவா? செக்கர். செக்கருக்குத் தகுதி வேணும்னா அவ போய்ப் பாத்துட்டு வரணும். பாஸு பிரிசில்லாவுக்கு. பதினோரு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கினு போ. ஒண்ணொண்ணா டிக் அடி. எது ஒத்துப் போவலியோ அதுக்கு அம்புக்குறி ஒட்டு, அந்த ஆளு வெளிய. நானா இருந்தாலும் சரி."

பரிசா தண்டனையா என்று தெரியாமலே பிரிசில்லா அதை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலு மணி வெயிலில், முதல் வரிசையில், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவளை வரி அதிகாரி என்று நினைத்து ஒரு நாற்காலி தள்ளிப் போனார்.

செம்பியன் வந்தான்.

ஆறடி, மைக்கை எட்டக் குனிவான் என்று சுப்பராயன் சொல்லியிருந்தார். வந்தவன் குள்ளம். அவனுக்காக ஒரு பலகை போட்டிருந்தார்கள். வெறுங்கால் இல்லை, ஷூ. வலது ஷூவில் முனைக்குப் பக்கத்தில் ஒரு தையல் விட்டிருந்தது, அது அவள் கண்ணுக்குத் தப்புமா? மழைப் பாட்டு வந்தது. எந்தக் கண்ணிலும் தண்ணீர் இல்லை. ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கமலாப்பழம் இல்லை, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் குடித்தான். பதினோரு ரிப்போர்ட். ஒன்றுக்குக்கூட டிக் இல்லை.

நாலாவது பாட்டில் அவன் வரியை மாற்றிப் பாடிவிட்டு நின்றான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்து, "நானே எழுதினது, எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான். பிரிசில்லா அதற்கப்புறம் அட்டையைப் பார்க்கவில்லை. பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. ரெண்டு கண்ணிலும் தண்ணீர் வழிய, துடைக்காமல், அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

திரும்பி வருகிற ரயிலில், வளத்தூர் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடப்பாவிகளா! ஒருத்தரும் பார்க்கவில்லையே! இந்த லட்சணத்தில் இருந்தவர்கள் முன்னாலா ஒன்பது வருஷம் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்? கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எதிர் சீட்டு அம்மாள் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். நாளைக்கு இருக்கிறது இவர்களுக்கு, பதினோரு அம்புக்குறி, ஒன்று பாக்கி விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டே ஆம்பூரில் இறங்கினாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் மாடியேறினபோது எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்றைக்கும் அரைமணி லேட்டாக வரும் முஜாஹித்கூட. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஸ்டிக்கர் அட்டையைத்தான் பார்த்தார்கள். சௌந்தர்யாவின் உதடு எதையோ ஜபித்துக்கொண்டிருந்தது. சுப்பராயன் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தார், எழுந்து போகத் தயாராக. வக்கார் பாய் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமலே மறுபடி கீழே வைத்தார்.

"இன்னாம்மா" என்றார். "பாத்தியா?"

சொன்னால் போதும். பார்த்தேன் என்று இந்த ஒருமுறை உண்மையாகவே சொல்லலாம். சங்கத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஒருத்தி மட்டும்தான் இருப்பாள், இந்தப் பெரிய அறையில், ஞாயிறுதோறும், தனக்குத் தானே ரிப்போர்ட் சொல்லிக்கொண்டு.

"இல்ல பாய்" என்றாள் பிரிசில்லா. "எனக்கு நேரா பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ வெச்சிட்டானுங்க. சத்தம்தான் கேட்டுது. ஆளு தெரியவே இல்ல."

"ஒண்ணுமேவா?"

"தலமுடிகூட தெரியல."

பதினோரு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். வக்கார் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார், தலைவர் களை திரும்பி வந்துவிட்டது. "செக்கர் பாக்கல. அதனால ரீ-செக்கிங் இல்ல. ரீ-செக்கிங் இல்லன்னா ரிஜெக்ட்டும் இல்ல. பழைய முத்திரை எல்லாம் அப்படியே நிக்கும்." எல்லோரும் கை தட்டினார்கள். பிறகுதான் அவள் நிலைமை நினைவு வந்து, தட்டின கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். நேரில் காணாதவள் இந்த அறையில் எப்படி உட்காருவாள்?

"பாவம்பா, ரூல்ஸ்லாம் பாக்காதீங்க" என்றார் சுப்பராயன், பையைக் கழற்றிக்கொண்டே. "நம்ம பொண்ணு. இங்கயே இருக்கட்டும்."

யாரும் மறுக்கவில்லை. முஜாஹித் ஓடிப்போய் அவளுக்கு டீ வாங்கி வந்தான். சௌந்தர்யா நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதக்கா. நீ பாக்காட்டி இன்னா, நா சொல்றேன் கேளு. மழைப் பாட்டு ஆரம்பிச்சாருன்னு வெச்சிக்கோ, அப்படியே லெஃப்டு கண்ணுல மட்டும் தண்ணி..."

"அதுக்கு மின்னாடி செருப்பக் கழட்டினத சொல்லு" என்றான் முஜாஹித்.

"இரு, நா கமலாப்பழத்துலேந்து வர்றேன்" என்றார் வக்கார் பாய்.

பிரிசில்லா டீ டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.