தண்ணீர் நின்ற இடம்

பஞ்சை நனைத்து அண்ணனின் உதட்டில் வைத்தாள். அவர் அதை நாக்கால் தள்ளிவிட்டார்.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"தெரியலண்ணா. பேசாம படுங்க."

மூன்று நாளாக அவருக்கு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனால் கடல் ஏறுவது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. எங்கோ தொலைவில் அடித்த புயல், இங்கே மழையைத் தராமல் அலையை மட்டும் அனுப்பியிருந்தது. வானம் வெளுத்துப்போய், நேரம் நகராதது போலிருந்தது. நடுப்பகலில் கடல் உச்சத்துக்கு ஏறும் என்று வானொலி சொன்னதிலிருந்து தெருவே வாசலில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தது.

அவர் நில அளவையாளராக இருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஆயுசு முழுக்கச் சேற்றிலேயே கிடந்ததால், தெருவில் 'சேத்து மாப்பிள்ளை' என்று பெயர். இருபது வருடத்துக்கு முன்பு கடல்சுவர் இரண்டாம் தடவையாக உடைந்தபோது, "மறுபடி கட்டாதீங்க. பள்ளமான நிலத்தக் கடலுக்கே விட்டுட்டு அலையாத்தி மரம் நடுங்க. வேகத்த அது வாங்கிக்கும்" என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். விடவேண்டிய நிலத்தை அவரே அளந்து கோடு போட்டார். கோட்டை ஒட்டிக் கடல் பக்கமாக விழுந்தது அப்பா கட்டிய வீடு. இருவரும் பிறந்து வளர்ந்த வீடு.

"கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்று அன்று கேட்டாள்.

"நமக்குத் தள்ளினா எல்லாருக்கும் தள்ளணும்மா."

நான்கு வருடம் அவருடன் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு உடம்பு முடியாமல் அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். வீட்டுப் பேச்சை அதன்பின் இருவருமே எடுக்கவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாம்மா."

"உங்கள தனியா விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மூட்டையோடு நிமிர்ந்தார்.

"சேத்து மாப்பிள்ளை என்னம்மா சொல்றாரு? இது போதுமாமா?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

தெரு முடிந்த இடத்தில் மரங்கள் தொடங்கின. அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டு காட்டுக்குள் நுழைந்தது. ஆயிரம் வேர்களுக்கிடையே புகுந்து புகுந்து இந்தப் பக்கம் வந்தபோது அதற்குக் குரலே இல்லை. அவள் பழைய வீடு இருந்த இடத்துக்குச் சேற்றில் கால் புதையப் புதைய நடந்தாள். இங்கேதான் கூடம். இங்கே அப்பாவின் கட்டில். தண்ணீர் வீட்டு ஆள் போல ஒவ்வோர் அறையாக நடந்து வந்தது. சமையலறை இருந்த இடத்தில் விரற்கடை நீள மீன்கள் திரும்பி விளையாடின. அவளுக்குக் கோபமே வரவில்லை. யாரோ அடுப்படியில் வேலையாக இருப்பது போலவும், தான் எட்டிப் பார்ப்பது போலவும் இருந்தது.

பழுத்த இலை ஒன்று மிதந்து வந்து காலருகில் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கடலைப் பார்த்துத் திரும்பியது.

அவள் சேறும் சகதியுமாக ஓடிவந்தாள். முன்னறையில் அவர் வாசல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம சமையக்கட்டு வரைக்கும் வந்துச்சுண்ணா," என்றாள். "அங்கயே நின்னுடுச்சு. தெருவுக்கு வரல."

மீன்களைப் பற்றியும் சொன்னாள். அதன்பிறகுதான் அவர் கண்களை மூடிவிட்டாள்.

சாயங்காலம் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட, தையல்காரர் வாசல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஓரம் நகர்த்தினார். படியோரம் வந்தவர்களின் செருப்புகள் சேர்ந்துகொண்டே போயின. எல்லாவற்றிலும் காய்ந்த தெருப் புழுதி.