பிட்யூட்டரிக்கு முளைத்த காதுகள்

ஜுலைகா தன் மருமகள் ஃபர்ஹாவை லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூருக்கு, என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் விட்ட மூச்சில் நான் உலை வைத்திருந்தால் சோறே பொங்கியிருக்கும். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து ஓய்ந்தவள் நான். இந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்கு நான்தான் ஊசி குத்தினேன். மீதிப் பேர் என்னைக் கண்டு ஓடியவர்கள்.

"தேவயானி, ஊருக்குத் தெரியாம இவளுக்குப் புள்ள தங்கியிருக்கான்னு பாத்துச் சொல்லு. மாருல பால் கசியுது. எம்மவன் அனஸ் துபாய் போயி பதினாலு மாசம் ஆச்சு."

ஃபர்ஹா உட்காரவில்லை. "நல்லா பாருங்கக்கா. இல்லைன்னு வந்தா இவங்க என்ன செய்வாங்கன்னும் கேட்டு வைங்க."

"வாயப் பாரு," என்றாள் ஜுலைகா. "இவள அரியலூருக்கு, இவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடுங்கன்னு அனஸ் சொல்லிட்டான்."

தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்தோம். கர்ப்பம் இல்லை.

"அப்ப பால் எங்கேருந்து வருது?" என்றாள் ஜுலைகா, நானே ஊற்றி வைத்தது போல.

நான் ஃபர்ஹாவைப் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. குரல் கட்டியிருந்தது. கோழி அவிந்துவிடும் வெயிலில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

"தைராய்டு மாத்திரை போடுறியா?"

"தீந்து நாலு மாசம் ஆச்சுக்கா. இங்க விக்கிறது போலியாம், துபாய் மாத்திரைதான் போடணும்னு அவரு சொல்லிட்டாரு. ஊருக்கு வர ஆள்கிட்ட கொடுத்து விடுறேன்னாரு. இன்னும் வரல. இங்க கடையில வாங்கினத மாமி குப்பையில போட்டுட்டாங்க."

எனக்கு எரிந்த எரிச்சலில் கரண்ட் இல்லாமலே ஊர் முழுக்க விளக்கு எரிந்திருக்கும். தைராய்டையும் பால் ஹார்மோனையும் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் வந்த தைராய்டு எண் அவ்வளவு பெரிது, படிக்க எனக்கு மூச்சு போதவில்லை. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனும் ஏறியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரைக் குறைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார்.

"கேளு ஜுலைகா. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. மூளை அனுப்புற சேதியப் பிடிக்க அதுல ஏற்பிகள் இருக்கு. காதுன்னு வச்சுக்க. தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தா, அந்தக் காதுங்களக் குறைச்சே வச்சிருக்கும். அது வத்திப்போனா மூளையும் கத்தும், காதும் பெருகும். தைராய்டை எழுப்பத்தான் அந்தக் கத்தல். ஆனா அதே சுரப்பியில பால் சுரக்க வைக்கிற செல்லுக்கும் அதே காது இருக்கே, அதுவும் கேட்டுடும். இதுக்குப் புள்ளயும் வேணாம், ஆம்பளயும் வேணாம். உம்மவன் பேச்சும் உன் குப்பத்தொட்டியும் போதும்."

ஜுலைகா அனஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அவன், "சரி, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அடுத்த வாரம் என் ரூம்காரன் அம்மார் ஊருக்கு வரான், மாத்திரைய..." என்று இழுத்தான்.

"மாத்திரை வாங்கிட்டேன் மச்சான்," என்றாள் ஃபர்ஹா. "அரியலூருக்குத்தான் போறேன். நீங்க சொன்னதுதான். நான் திரும்பணும்னா நீங்க நேர்ல வந்து எங்க அம்மா முன்னால சொல்லணும், எதுக்கு அனுப்புனீங்கன்னு."

பஸ் ஸ்டாண்டு வரை ஜுலைகா பின்னாலேயே வந்தாள். "நானும் வரேம்மா, உங்க அம்மாகிட்ட பேசுறேன்."

"ஏறுங்க மாமி. காலையில தேவயானியக்காகிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க."

ஜுலைகா படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.